கறுப்பு வெள்ளைக்கும் நிறம் வேண்டும்

தேனி மாவட்டத்துக் கெங்குவார்பட்டிக்குப் பின்னணியே கொடைக்கானல் மலைதான். அடிவாரத்தில் மாந்தோப்பும் தென்னந்தோப்பும், பக்கத்தில் மஞ்சளாறு அணை, மேலே ஏறும் காட்ரோட்டில் டம்டம் பாறை. அந்தப் பாறையில் நின்றால் எதிர்மலையில் எலிவால் அருவி தெரியும். தலையாறு அருவி என்பது அதன் இன்னொரு பெயர். 297 மீட்டர் உயரத்திலிருந்து ஒற்றை வெள்ளைக் கோடாக இறங்கும் அந்த அருவியைப் படமெடுக்காமல் கொடைக்கானல் போகிறவர்கள் குறைவு. எடுத்தவர்களில் பலர் அடுத்து செய்வதும் ஒன்றே: போனில் ‘மோனோ’ என்ற பொத்தானைத் தட்டுவது.

தட்டியதும் மலை, காடு, தோப்பு எல்லாம் ஒரே சாம்பலாகிவிடும். அருவியும் அதற்குள் மங்கிக் கிடக்கும். “நேரில் பார்த்த மாதிரி இல்லையே” என்று படத்தை ஒதுக்கிவிடுவார்கள். தவறு மலையிலும் இல்லை, போனிலும் இல்லை. நிறத்தை மொத்தமாகத் துடைத்துவிட்டால் கறுப்பு வெள்ளை கிடைத்துவிடும் என்ற எண்ணத்தில்தான் தவறு இருக்கிறது. நல்ல கறுப்பு வெள்ளைப் படம் வண்ணத் தகவலிலிருந்துதான் பிறக்கிறது. அந்தத் தகவல் முழுசாக இருக்கும் இடம் கேமராவின் ரா கோப்பு. நம் ஊர் ஸ்டுடியோக்களிலும் வீடுகளிலும் முதலில் அழிக்கப்படுவதும் அந்த ரா கோப்புதான். இந்தப் பழக்கம் நிற்க வேண்டும்.

டிஜிட்டல் கேமராவின் சென்சாருக்கு நிறம் தெரியாது. விழுந்த ஒளி எவ்வளவு என்று மட்டும்தான் அது எண்ணும். கோடாக் நிறுவனத்தில் பணியாற்றிய பிரைஸ் பேயர் இதற்கு ஒரு வழி கண்டார். 1976-ல் காப்புரிமை பெற்ற அவருடைய முறையில், சென்சாரின் ஒவ்வொரு புள்ளிக்கும் மேல் ஒரு சிறு வண்ண வடிகட்டி உட்காரும். நான்கு புள்ளிகளை எடுத்துக்கொண்டால் இரண்டில் பச்சை, ஒன்றில் சிவப்பு, ஒன்றில் நீலம். பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து விடுபட்ட நிறங்களைக் கணக்கிட்டு நிரப்புவது மென்பொருளின் வேலை. ரா கோப்பு என்பது அந்தக் கணக்குக்கு முந்தைய கச்சா எண்கள். 14 பிட் ராவில் ஒரு புள்ளிக்கு 16,384 படிநிலைகள் உண்டு. நாம் வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 மட்டுமே.

ஆக, மூன்று நிறங்களையும் ஒரே சாம்பல் அளவாகச் சேர்க்கும்போது எதற்கு எத்தனை பங்கு என்று யாரோ ஒருவர் தீர்மானித்தாக வேண்டும். பொத்தானைத் தட்டினால் மென்பொருள் தீர்மானிக்கும். பல மென்பொருள்களில் இன்றும் ஓடுவது ஒரு பழைய டிவிக் கணக்கு. 1953-ல் அமெரிக்காவில் வண்ணத் தொலைக்காட்சிக்கான தரம் வகுக்கப்பட்டபோது, அதே ஒளிபரப்பு பழைய கறுப்பு வெள்ளைப் பெட்டிகளிலும் ஒழுங்காகத் தெரிய வேண்டியிருந்தது. அதற்காக ஏற்பட்ட பங்கீடு: சிவப்பு 30, பச்சை 59, நீலம் 11. மனிதக் கண்ணுக்குப் பச்சைதான் அதிகப் பிரகாசமாகத் தெரியும் என்பதால் பச்சைக்கு அவ்வளவு இடம்.

இந்தக் கணக்கு ஒரு கல்யாணப் புடவையை என்ன செய்கிறது என்று பார்க்கலாம். அரக்குச் சிவப்பு உடல், இலைப்பச்சை பார்டர். நம் பக்கத்தில் அடிக்கடி காணும் சேர்க்கை. சிவப்புப் பகுதியின் எண்கள் சிவப்பு 190, பச்சை 30, நீலம் 50 என்றும், பார்டரின் எண்கள் சிவப்பு 40, பச்சை 105, நீலம் 50 என்றும் வைத்துக்கொள்வோம். டிவிக் கணக்கில் போட்டால் உடல் 80, பார்டர் 79. இரண்டுக்கும் நடுவே இருந்த கோடு காணாமல் போகும். பட்டுப்புடவை சாக்குத்துணி போல ஒரே சாம்பலாகத் தெரியும். பங்கீட்டை மட்டும் மாற்றிப் பாருங்கள்: சிவப்பு 60, பச்சை 30, நீலம் 10. இப்போது உடல் 128, பார்டர் 61. புடவை திரும்பக் கிடைத்துவிட்டது. கேமரா மாறவில்லை, வெளிச்சம் மாறவில்லை. எதற்கு எத்தனை பங்கு என்பதை மனிதர் ஒருவர் யோசித்து முடிவு செய்திருக்கிறார், அவ்வளவுதான்.

லைட்ரூம் போன்ற மென்பொருளில் இந்த வேலைக்கு எட்டு ஸ்லைடர்கள் இருக்கின்றன. சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலப்பச்சை, நீலம், ஊதா, மெஜந்தா. இவற்றில் ஒவ்வொன்றையும் இழுத்து, அந்த நிறத்தில் இருந்த பொருள் எவ்வளவு வெளுக்க வேண்டும், எவ்வளவு கறுக்க வேண்டும் என்று சொல்லலாம். பணம் கட்டி வாங்க முடியாதவர்களுக்கு டார்க்டேபிள், ராதெரபி என்று இலவச மென்பொருள்களே இருக்கின்றன. சாதாரணக் கம்ப்யூட்டரிலும் ஓடும்.

எலிவால் அருவிக்கே திரும்புவோம். தூரத்து மலையின் மேல் படிந்திருக்கும் புகைமூட்டம் நீலம். நீல ஸ்லைடரைக் குறைத்தால் மூட்டம் விலகி, பாறையின் வரிகள் எழுந்து வரும். கறுத்த பாறையின் மேல் அருவி வெள்ளைக் கோடாகப் பளிச்சென்று நிற்கும். அதே ஸ்லைடரைக் கூட்டினால் அடுக்கடுக்கான மலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிறி, காலைப் பனி போல ஆழம் கூடும். இரண்டுமே சரி. அருவியைக் காட்ட வந்தவர் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார், மலையின் தூரத்தைக் காட்ட வந்தவர் இன்னொன்றை. மாந்தோப்பில் வேறொரு பாடம் இருக்கிறது. இலை பச்சைதானே என்று பச்சை ஸ்லைடரை இழுத்தால் பெரிதாக எதுவும் அசையாது. வெயில் பட்ட இலையில் மஞ்சளின் பங்கு அதிகம் என்பதால் மஞ்சள் ஸ்லைடரில்தான் தோப்பு வெளுக்கும். திருவிழாவில் பெண்கள் தலையில் சுமந்து வரும் முளைப்பாரியும் அப்படியே. அந்த இளமஞ்சள் பச்சையை எழுப்பினால் கூட்டத்துக்கு மேலே முளைப்பாரிகள் மட்டும் ஒளிரும்.

ஃபிலிம் காலத்தில் இதையே லென்ஸின் முன்னால் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்புக் கண்ணாடி வடிகட்டிகளை மாட்டிச் செய்தார்கள். 1927 ஏப்ரலில் அமெரிக்காவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் ஹாஃப் டோம் என்ற பெரும்பாறையைப் படமெடுத்த ஆன்சல் ஆடம்ஸ், முதலில் மஞ்சள் வடிகட்டியில் எடுத்தார். நேரில் மனதை உலுக்கிய அந்தக் காட்சி அதில் வராது என்று உணர்ந்து, கையிருப்பில் இருந்த கடைசித் தகட்டை அடர்சிவப்பு வடிகட்டி போட்டு எடுத்தார். நீலவானம் ஏறத்தாழ கறுப்பாகி, பாறை அதன்மேல் எழுந்து நின்றது. ஆடம்ஸுக்கு ஒரு தகடு மிச்சமிருந்தது. ரா கோப்பு வைத்திருப்பவருக்கு எல்லா வடிகட்டிகளும் எப்போதும் கையில் இருக்கின்றன.

நிறத்தைச் சாம்பலாக்கும் இந்தத் தொல்லை நம் மண்ணில் இன்னும் பழையது. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக 1856-ல் நியமிக்கப்பட்ட லின்னேயஸ் ட்ரைப், 1858-ல் மதுரையைப் படமெடுத்தார். மீனாட்சி அம்மன் கோயில், திருமலை நாயக்கர் மகால், தெப்பக்குளம் என்று அவர் எடுத்த படங்கள் இன்று உலக அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. அவர் பயன்படுத்திய மெழுகு பூசிய காகித நெகட்டிவுக்கு நீலம் மட்டும்தான் நன்றாகத் தெரியும், சிவப்பு தெரியவே தெரியாது. அதனால் வானம் எப்போதும் வெறும் வெள்ளையாக விழுந்தது. ட்ரைப் நெகட்டிவின் மேல் கையால் வண்ணம் தீட்டி மேகங்களை வரவழைத்தார். எல்லா நிறங்களையும் ஓரளவு உணரும் பான்குரோமாட்டிக் தகடுகள் கடைக்கு வந்தது 1906-ல்தான். கறுப்பு வெள்ளையின் வரலாறே, எந்த நிறம் எந்தச் சாம்பலாக வேண்டும் என்ற போராட்டத்தின் வரலாறு. அதை வென்று கையில் கிடைத்த வசதியை ஒரு பொத்தானிடம் திருப்பிக் கொடுப்பது வருத்தத்துக்குரியது.

“ஜேபெக்கில் இருந்தே மாற்றிக்கொள்ளலாமே?” என்று கேட்பவர்கள் உண்டு. மாற்றலாம். ஆனால் ஜேபெக் கோப்பைச் சுருக்கும்போது வெளிச்ச விவரத்தைவிட நிற விவரத்தைத்தான் முதலில் வெட்டுவார்கள். நான்கு புள்ளிகளுக்குச் சேர்த்து ஒரே நிறத் தகவலை வைப்பது சாதாரணம். வண்ணப் படமாகப் பார்க்கும்போது கண் இதைக் கண்டுபிடிக்காது. கறுப்பு வெள்ளைக்காக நீல ஸ்லைடரை அழுத்தி இழுத்தால் குட்டு வெளிப்படும். மலைக்கு மேல் வானம் கட்டம் கட்டமாக உடையும், மலையின் விளிம்பில் வெள்ளைக் கோடு ஒன்று முளைக்கும், மாலை வெளிச்சத்தில் எடுத்திருந்தால் நீலத்தில் ஒளிந்திருந்த புள்ளிப்புள்ளியான இரைச்சல் மேலே வரும். வாட்ஸ்அப் வழியாக வந்த படம் என்றால் கேட்கவே வேண்டாம்.

வேலையின் வரிசையும் முக்கியம். ராவைத் திறந்ததும் கறுப்பு வெள்ளைக்குத் தாவுகிறவர்கள் வெண்சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) மறந்துவிடுகிறார்கள். நிறமே இல்லாத படத்துக்கு எதற்கு அது என்ற நினைப்பு. ஸ்லைடர்கள் பார்ப்பது வெண்சமநிலை சரிசெய்யப்பட்ட பிறகான நிறங்களைத்தான். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் எடுத்த படத்தைச் சரிசெய்யாமல் விட்டால் முகம், சுவர், வேட்டி எல்லாமே ஆரஞ்சுக்குள் வந்து விழும். அப்புறம் ஆரஞ்சை அசைத்தால் எல்லாம் சேர்ந்து அசையும். ஆகவே முதலில் வெண்சமநிலை, பிறகு மொத்த வெளிச்சம், அதன் பிறகு கறுப்பு வெள்ளைக் கலவை, அப்புறம் கான்ட்ராஸ்ட். முகத்தை மட்டும் சற்று ஏற்றுவது, மூலையை இறக்குவது போன்ற உள்ளூர் வேலைகள் அதற்கும் பிறகு. ஷார்ப்பும் ஃபிலிம் மணிகள் போன்ற கிரெய்னும் கடைசியில், அச்சின் அளவு தெரிந்த பிறகு. கேமராவிலேயே மோனோ வைத்து, ரா, ஜேபெக் இரண்டையும் பதிவு செய்யச் சொல்லிவிட்டால் இன்னும் வசதி. திரையில் கறுப்பு வெள்ளையாகப் பார்த்துப் படமெடுக்கலாம், ராவில் நிறம் பத்திரமாக இருக்கும். ஆண்ட்ராய்டு போன்களில் 2014 முதலே ரா பதிவுக்கு வழி இருக்கிறது. போனுக்குப் போன் வசதி மாறும், தேடிப் பார்க்க வேண்டும்.

இதுவரை சொன்னது மலையும் புடவையும். விஷயம் உண்மையில் கனப்பது முகத்தில்.

தேனி, கம்பம், பெரியகுளம் பக்கத்துச் சிற்றூர்களில் கறுப்பு வெள்ளைப் படம் இன்றும் தெருவுக்கு வருவது பெரும்பாலும் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியில்தான். ஒருவர் இறந்த சில மணி நேரத்துக்குள் அவருடைய படம் வேண்டும். ஏதோ ஒரு கல்யாணக் கூட்டத்திலிருந்து முகத்தை வெட்டி, நிறத்தை எடுத்து, ஓர் இழுப்பில் வெளிச்சத்தைக் கூட்டி அச்சுக்கு அனுப்புகிறார்கள். அவசர வேலை, யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் வாழ்நாள் முழுதும் தோட்டத்தில் வெயில் தாங்கிய ஒருவரின் முகம், ஊர் கடைசியாகப் பார்க்கும் படத்தில் ஒன்று கரிக்கட்டியாகவோ அல்லது அவருடையதே அல்லாத வெளிறிய முகமாகவோ ஆகிவிடுகிறது.

இதற்கும் காரணம் அதே பங்கீடு. நம் மாநிறத்திலும் கறுப்பிலும் சிவப்பின் பங்கு அதிகம், நீலத்தின் பங்கு குறைவு. ஒரு கன்னத்தின் எண்கள் சிவப்பு 140, பச்சை 95, நீலம் 70 என்றால், டிவிக் கணக்கு அதை 106 ஆக்கும். மேலே சொன்ன 60, 30, 10 பங்கீட்டில் அதே கன்னம் 120. சிவப்பை மட்டும் எடுத்தால் 140, நீலத்தை மட்டும் எடுத்தால் 70. ஒரே கன்னம் 70-க்கும் 140-க்கும் நடுவே எங்கு வேண்டுமானாலும் நிற்கலாம். படம் இருட்டாக வந்துவிட்டது என்று மொத்த வெளிச்சத்தையும் ஏற்றினால் வேட்டியும் சுவரும் வெந்துபோகும். ஆரஞ்சை மட்டும் அளவோடு ஏற்றினால் தோலின் வரிகள், கண்ணோரச் சுருக்கம், தாடியின் நரை எல்லாம் தனித்தனியே தெரியும், அந்த மனிதர் தன் நிறத்திலேயே இருப்பார்.

அளவோடு என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் பல கைகள் ஆரஞ்சைக் கடைசி வரை இழுத்துவிடுகின்றன. வெள்ளைத் தோல்தான் அழகு என்ற பழைய நோய்க்கு இப்போது ஒரு ஸ்லைடர் கிடைத்திருக்கிறது. விலை என்ன தெரியுமா? தோல் வெளுத்தால் நெற்றியில் இட்ட திருநீற்றுப் பட்டை அதில் கரைந்துவிடும். சிவப்பையும் சேர்த்து ஏற்றினால் குங்குமப் பொட்டு மறைந்து, சுமங்கலியாக வாழ்ந்து மறைந்த பாட்டி வெறும் நெற்றியோடு நிற்பார். மஞ்சள் பூசிய முகத்தில் மஞ்சள் ஸ்லைடரை ஏற்றினால் கன்னம் மட்டும் பீங்கான் போல மின்னும், கழுத்து தனியாகத் தெரியும். மாறாக, சிவப்பைச் சற்றே இறக்கி ஆரஞ்சைச் சற்றே ஏற்றிப் பாருங்கள். பொட்டு கறுத்து நிலைக்கும், முகம் தெளியும், திருநீறு பளிச்சிடும். இரண்டு நிமிட வேலை. ஒரு மனிதரின் கடைசிப் படத்துக்கு அந்த இரண்டு நிமிடம் தகும்.

அச்சுக்குப் போவது என்றால் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். மலிவுத் தாளில் மை பரவும். திரையில் அழகாகத் தெரியும் அடர்நிழல் சுவரொட்டியில் முழுக் கறுப்பாக அடைத்துக்கொள்ளும். நிழலை ஒரு படி திறந்துவிட்டு அனுப்புவதே நல்லது. கறுப்பு வெள்ளைப் பக்கத்துக்கு வண்ணப் படம் அனுப்பும் பத்திரிகைச் செய்தியாளர்களுக்கும் இது பொருந்தும்.

இப்படி நிறத்துக்கு நிறம் ஏற்றி இறக்குவது பித்தலாட்டம் இல்லையா என்ற கேள்வி நியாயமானது. செய்திப் படங்களின் நேர்மையில் கறாராக இருக்கும் வேர்ல்டு பிரஸ் போட்டோ அமைப்பின் விதியே இதற்குப் பதில் சொல்கிறது. படத்தின் உள்ளடக்கம் மாறாத வரை சாம்பல் நிறத்துக்கு மாற்றுவது அனுமதிக்கப்படும். எதையும் சேர்ப்பதும் நீக்குவதும் கூடாது. அதைச் சரிபார்க்க இறுதிச் சுற்றுக்கு வந்தவர்களிடம் மூலக் கோப்பைக் கேட்டு வாங்குவார்கள். 2015-ல் கடைசிக்கு முந்தைய சுற்றை எட்டிய படங்களில் ஐந்தில் ஒன்று இந்தச் சோதனையில் தள்ளுபடியானது. நிழலை இறக்கி இறக்கி ஒரு பொருளையே இருட்டில் மறைத்தால் அது நீக்கியதற்குச் சமம். மூலக் கோப்பு இருந்தால் உண்மையை நிரூபிக்கலாம் என்பதும் ராவைப் பாதுகாக்க ஒரு காரணம்.

கெட்டுப்போன வண்ணப் படத்தை மறைக்கவே கறுப்பு வெள்ளை என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். பாதி உண்மை. கல்யாண மேடையில் ஊதா எல்ஈடி விளக்கு முகத்தில் அடித்தால் சிவப்பும் நீலமும் நிரம்பி வழிந்து, முகம் ஒரு வண்ணத் திட்டாகிவிடும். ராவில் பச்சைப் பகுதியை மட்டும் எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் அங்கே முகம் கெடாமல் இருக்கும். அந்தப் படத்தைக் காப்பாற்ற அதுவே வழி, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் வெளிச்சமே இல்லாத, ஃபோகஸ் தப்பிய படத்தை எந்த ஸ்லைடரும் மீட்காது.

ஸ்டுடியோக்காரர்களின் கஷ்டமும் புரிகிறது. 24 மெகாபிக்சல் கேமராவின் ஒரு ரா கோப்பு ஏறத்தாழ 25 முதல் 30 எம்பி. ஒரு கல்யாணத்துக்கு 3,000 படம் என்றால் 75 ஜிபிக்கு மேல். ஹார்ட் டிஸ்க் காசு போட்டு வாங்க வேண்டும். ஆல்பம் கொடுத்து முடிந்ததும் அழித்துவிடும் பழக்கம் இதனால்தான் வந்தது. எல்லாவற்றையும் வைத்திருக்கச் சொல்லவில்லை. ஒவ்வொரு விசேஷத்திலும் வீட்டுப் பெரியவர்களின் தனிப்படங்கள் பத்து, குடும்பக் குழுப்படங்கள் பத்து. இருபது ரா கோப்புகள் அரை ஜிபியைச் சுற்றித்தான் வரும். ஒரு பென்டிரைவின் மூலையில் அடங்கிவிடும்.

போன நிறம் திரும்பாது என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 1957-ல் வந்த தெலுங்கு ‘மாயா பஜார்’ படத்துக்கு வண்ணம் ஏற்றி 2010-ல் வெளியிட்டார்கள். பெரும் உழைப்பு. என்றாலும் ஒவ்வொரு உடைக்கும் அந்த நிறம் பிறகு வந்தவர்கள் தேர்ந்தெடுத்தது. அந்த நாளில் ஃபிலிம் அதைப் பதிவு செய்யவே இல்லை. நம் தாத்தா பாட்டிகளின் ஸ்டுடியோப் படங்களும் இதே நிலையில்தான் இருக்கின்றன. ஊட்டியில் 1960-ல் தொடங்கப்பட்ட அரசு நிறுவனமான இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸின் ‘இந்து’ ஃபிலிமிலும் தாளிலும் அச்சான படங்கள் எத்தனையோ வீட்டுச் சுவர்களில் தொங்கின. அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டுவிட்டது. பழைய தமிழ் ஸ்டுடியோப் படங்களைத் தேடி எண்மப்படுத்தும் பணியைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் செய்திருக்கிறது. அவர்கள் கையில் கிடைப்பது சாம்பல் மட்டும். இன்று படமெடுப்பவர்களின் கையில் சாம்பலுக்கு முந்தைய எண்கள் முழுசாக இருக்கின்றன. அவற்றை நாமே அழிக்க எந்த நியாயமும் இல்லை.

அடுத்த முறை வீட்டு விசேஷத்துக்குப் படக்காரரை அமர்த்தும்போது, முன்பணம் கொடுக்கும் அன்றே ஒரு வார்த்தை பேசிவிடுங்கள்: பெரியவர்களின் படங்கள் குறைந்தது பத்து ராவாகவும் வேண்டும். ஸ்டுடியோ நடத்துகிறவர்கள் கேட்காமலேயே அதைக் கொடுக்கலாம், வாடிக்கையாளர் மறக்க மாட்டார். சுவரொட்டிக்கு முகத்தை மாற்றும் தம்பிகள், வெளிச்சத்தைக் கூட்டும் முன் ஆரஞ்சையும் சிவப்பையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.